வீட்டிலேயே சிவப்பு சங்கிரியா: எதை எப்போது ஜாடியில் போடுவது

ஸ்பெயினில் இருக்கிற வலென்சியாவுக்கு வந்த புதிதில் நான் முதன்முதலாகச் சங்கிரியா கலந்தது ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை. மொட்டை மாடியில் எட்டுப் பேருக்குச் சாப்பாடு. கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய விலை கூடின ஒயின் இரண்டு பாட்டில். அதில் முதல் நாள் இரவே தோலோடு வட்டமாக நறுக்கிப் போட்ட மூன்று எலுமிச்சை. போதாக்குறைக்குப் பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஒரு அன்னாசிப்பூ. பிரியாணிக்குப் போட்டுப் பழகிய கை, ஒயினையும் விட்டுவைக்கவில்லை.

மேல்வீட்டு அம்மா ஒரு வாய் குடித்தார். ரெக்கேனா பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். கிளாஸை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "கிறிஸ்துமஸுக்குச் சூடாகக் கொடுப்பார்களே, அந்த ஒயின்தானே இது? அடுப்பில் வைக்க மறந்துட்டியாப்பா?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஜாடி மட்டும் அன்று காலியாகவில்லை. கசப்பு நாக்கிலேயே நின்றது. அவர் அப்புறம் சொல்லிக்கொடுத்ததும், அதற்குப் பிறகு வந்த கோடைகளில் நானே கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதும்தான் கீழே இருக்கிறது. மது தொடாதவர்களுக்கும் பிள்ளைகளுக்குமான தனி ஜாடி பற்றியும் பின்னால் சொல்கிறேன்.

முதலில், இது என்ன பானம்

சிவப்பு ஒயின், பழம், கொஞ்சம் சர்க்கரை, கடைசியில் கொஞ்சம் சோடா. அவ்வளவுதான். 'சாங்ரே' என்றால் ஸ்பானிய மொழியில் ரத்தம். 'சங்கிரியா' என்ற அதே சொல்லுக்கு, அந்தக் காலத்து வைத்தியர்கள் நோயாளியின் உடம்பைக் கீறி ரத்தம் எடுப்பார்களே, அந்தப் பொருளும் அகராதியில் உண்டு. விருந்துக்கு வந்தவர்களிடம் இதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்வது நல்லது.

ஸ்பெயினுக்கு வெளியே இது பெரிதாகப் பேர் வாங்கியதில் 1964-இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பங்கு உண்டு. அங்கே ஸ்பானிய அரங்கில் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துத்தான் அமெரிக்கர்கள் பலருக்கு இது அறிமுகமானது. இன்றைக்கு அந்தப் பெயருக்குச் சட்டக் காவலும் இருக்கிறது. 2014-இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, ஸ்பெயினிலோ போர்ச்சுகலிலோ தயாரித்ததை மட்டுமே சங்கிரியா என்று வெறும் பெயரிட்டு விற்கலாம். மது அளவு 4.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, 12-ஐத் தொடக் கூடாது. நிறத்துக்கென்று எதையும் கலக்கக் கூடாது. வீட்டில் கலக்கிற நமக்கு இந்த விதி பொருந்தாது. ஆனாலும் அந்த 4.5-க்கும் 12-க்கும் நடுவில் நிற்பது நல்ல கணக்கு. சங்கிரியா ஒயினைவிட லேசாக இருக்க வேண்டிய பானம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோடை மத்தியானத்தில் இங்கே உள்ளூர்க்காரர்கள் தங்களுக்கென்று கேட்டு வாங்கிக் குடிப்பது பெரும்பாலும் சங்கிரியா இல்லை, 'தின்தோ தெ வெரானோ'. கோடைச் சிவப்பு ஒயின் என்று அர்த்தம். ஒயின் பாதி, சோடா பாதி, ஐஸ், ஒரு எலுமிச்சைத் துண்டு. இரண்டே நிமிட வேலை. சங்கிரியா அப்படி நினைத்தவுடன் கலக்கிற சங்கதி கிடையாது. ஒரு கூட்டம் வரப்போகிறது என்றால்தான் ஜாடியை எடுப்பார்கள், ஏனென்றால் பழம் ஊற நேரம் வேண்டும். நேரமில்லை என்றால் அவசரச் சங்கிரியா செய்யாதீர்கள். தின்தோ தெ வெரானோ கொடுத்துவிடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எந்த ஒயின்

என் முதல் தப்பு இங்கேதான் தொடங்கியது. விலை கூடின ஒயின் போட்டால் சங்கிரியாவும் உசத்தியாக வரும் என்று நினைத்தேன். நான் வாங்கியது 'கிரியான்ஸா'. ரியோஹா பகுதி விதிப்படி, அந்த முத்திரை வாங்க ஒயின் குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் மரப் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். மரத்தின் வாசனையும் துவர்ப்பும் அதில் ஏறியிருக்கும். அறை வெப்பத்தில், ஆட்டிறைச்சியோடு குடிக்க அது அருமை. ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்தால் கதை மாறிவிடும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும், துவர்ப்பும் கசப்பும் தூக்கலாகத் தெரியும். ஆறிப்போன டீ சூடான டீயைவிடக் கடுப்பாக இருக்கிறதே, அந்த மாதிரி.

ஆகவே வாங்க வேண்டியது பீப்பாய் பார்க்காத இளம் ஒயின். பாட்டிலில் 'ஹோவென்' என்று போட்டிருந்தால் இளசு என்று அர்த்தம். திராட்சை வகைகளில் தெம்ப்ரானியோ, கார்னாச்சா, மொனாஸ்த்ரெல் மூன்றும் நன்றாக வரும். நான் போடுவது பொபல். ரெக்கேனா மலைப்பக்கத்துத் திராட்சை அது. பெயரை மறந்துவிட்டால் மத்தியப் பிரதேசத் தலைநகரை நினைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரருக்குப் புரிந்துவிடும். அடர்ந்த நிறம், பழவாசனை, நல்ல புளிப்பு. சோடாவும் ஐஸும் சேர்ந்த பிறகும் சிவப்பு வெளுத்துப் போகாது. நான்கைந்து யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. அதற்காகத் தனியாகக் குடிக்க முடியாத ஒயினையும் வாங்காதீர்கள். கெட்ட ஒயினைப் பழம் காப்பாற்றாது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் கவனிக்க: அங்கே கடைகளில் போர்ட் ஒயின் என்று விற்கும் இனிப்பு ஒயின் இதற்கு ஆகாது. இனிப்பில்லாத சிவப்பு ஒயின் என்று கேட்டு வாங்குங்கள். வேறு வழியே இல்லை என்றால் சர்க்கரையை முழுவதும் நிறுத்திவிட்டு எலுமிச்சைச் சாற்றைக் கூட்டுங்கள்.

எந்தப் பழம்

ஆரஞ்சு, எலுமிச்சை, பீச், ஆப்பிள். இந்த நான்கோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

ஆரஞ்சுதான் இதன் முதுகெலும்பு. ஸ்பானிய மொழியில் அதற்கு 'நரான்ஹா' என்று பெயர். அரபியில் 'நாரஞ்ச்', பாரசீகத்தில் 'நாரங்', சமஸ்கிருதத்தில் 'நாரங்க'. அந்தச் சொல்லும் ஒரு திராவிட மூலத்திலிருந்து போயிருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நம் நாரத்தங்காயை நினைத்துக்கொண்டே இங்கே ஆரஞ்சு வாங்குவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். வலென்சியா ஆரஞ்சுக்குப் பேர்போன ஊர்தான், ஆனால் அதன் காலம் குளிரிலும் வசந்தத்திலும். ஜூலையில் சந்தையில் இருப்பது பெரும்பாலும் குளிர்கிடங்கிலிருந்தோ தென்னாப்பிரிக்காவிலிருந்தோ வந்தது. அதனால் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக இருப்பதை எடுங்கள், கனம்தான் சாறு. தோல் பளபளவென்று இருந்தால் மெழுகு பூசியிருக்கிறார்கள். வெந்நீரில் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

பீச் பழம் கோடையில் தெருவெல்லாம் மணக்கும். சங்கிரியாவுக்குச் சற்று விறைப்பாக இருக்கிற பழம் வேண்டும். விரலால் அமுக்கினால் லேசாகக் குழிந்து திரும்ப வேண்டும். கனிந்து கூழானதை ஜாடியில் போட்டால் நாலு மணி நேரத்தில் கரைந்து ஒயினைக் கலங்கலாக்கிவிடும். ஸ்ட்ராபெரியும் வாழைப்பழமும் இதே காரணத்தால் வேண்டாம். தர்பூசணி வெறும் தண்ணீர். கிவி போட்ட ஒரு ஜாடியை ஒரு விருந்தில் பார்த்தேன், அதைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதே மரியாதை.

ஆப்பிளுக்கு நிறமோ மணமோ தருகிற வேலை இல்லை. அது ஒயினைக் குடித்துக்கொண்டு கடிபடுவதற்காக இருக்கிறது. பச்சை ஆப்பிளாக இருந்தால் நறுக்கென்று இருக்கும்.

இப்போது என்னைக் கெடுத்த விஷயம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் மேல்புறத்தில் வாசனை எண்ணெய் இருக்கிறது. அது வேண்டும். அதற்கு அடியில் இருக்கிற வெள்ளைச் சதை கசப்பு. அது வேண்டாம். தோலோடு வட்டமாக நறுக்கிப் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டால், மது அந்தக் கசப்பை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும். படங்களில் அழகாக மிதக்கிற அந்த வட்டத் துண்டுகளைப் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டால் போதும். ஊறுவதற்குப் போட வேண்டியது, காய்கறி தோல் சீவியால் மெல்லிசாகச் சீவி எடுத்த மேல்தோலை. சீவலைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளை கெட்டியாகத் தெரிந்தால் கத்தியைப் படுக்க வைத்துச் சுரண்டிவிடுங்கள்.

அளவு

இரண்டு பாட்டில் கணக்கு இது. 200 மில்லி கிளாஸில் சுமார் 12 கிளாஸ் வரும்.

சிவப்பு ஒயின் – 750 மில்லி பாட்டில் 2
ஆரஞ்சு – 4 (மூன்று சாறுக்கு, ஒன்று வட்டமாக நறுக்க)
எலுமிச்சை – 1
பீச் – 2
பச்சை ஆப்பிள் – 1
சர்க்கரை – 60 கிராம், கடைசியில் சரிபார்க்க இன்னும் கொஞ்சம்
பட்டை – விரல் நீளத்தில் ஒரே ஒரு துண்டு
பிராந்தி – 60 மில்லி
சோடா – அரை லிட்டர், நன்றாகக் குளிர்ந்தது
ஐஸ் – நினைப்பதைவிட இரண்டு மடங்கு

பட்டை மட்டும்தான் மசாலா. கிராம்பை மறந்துவிடுங்கள். பிராந்தி பற்றிப் பல கட்சிகள் உண்டு. ஹெரெஸ் ஊர்ப் பிராந்தி போடுவார்கள், ஆரஞ்சு மதுச்சாறு போடுவார்கள், ஜின்னும் வோட்காவும் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். என் கட்சி: பழத்தை ஊறவைக்கத் தேவையான அளவு பிராந்தி, அதற்கு மேல் சொட்டு கூடாது. மேல்வீட்டு அம்மா அதுவும் போடுவதில்லை. நீங்களும் போடாமல் விடலாம், ஒன்றும் குறையாது.

மத்தியானம் மூன்று மணி: பழமும் சர்க்கரையும்

இரவு ஒன்பது மணிக்கு விருந்து என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஜூலையில் வெயில் தணியவே ஒன்பது ஆகிறது, அதற்கு முன்னால் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. காலையிலேயே ஒயின் பாட்டில்களையும் சோடாவையும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

பெரிய கண்ணாடிக் கிண்ணமோ எவர்சில்வர் பாத்திரமோ எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் வேண்டாம், வெள்ளீயம் பூசாத பித்தளை வேண்டவே வேண்டாம். புளிக்கரைசலை அதில் வைக்கக் கூடாது என்று வீட்டில் பாட்டி சொல்லியிருப்பார்களே, ஒயினும் புளிப்புதான். மண்ஜாடி அழகாக இருக்கும் என்று பழைய சாமான் கடையில் வாங்கியிருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். மேல்பூச்சில் காரீயம் இருக்கலாம், புளிப்பு அதைக் கரைத்துக் கொடுத்துவிடும். சமையலுக்கென்றே விற்கிற ஜாடி என்றால் பயமில்லை.

ஒரு ஆரஞ்சிலிருந்தும் அந்த எலுமிச்சையிலிருந்தும் மேல்தோலைச் சீவி கிண்ணத்தில் போடுங்கள். மேலே சர்க்கரையைத் தூவி, மரக்கரண்டியின் அடியால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தித் தேயுங்கள். சர்க்கரை ஈரமாகி மஞ்சளாக மாறும். சமையலறை முழுக்க ஆரஞ்சு வாசனை எழும். இந்த மூன்று நிமிடத்தை விட்டுவிட்டால் கடையில் விற்கிற பாட்டில் சங்கிரியாவுக்கும் உங்களுடையதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அப்புறம் பீச்சையும் ஆப்பிளையும் கொட்டை நீக்கி, பெருவிரல் நக அளவுக்குச் சற்றுப் பெரிய துண்டுகளாக நறுக்கிச் சேருங்கள். தோல் உரிக்க வேண்டாம், அதுதான் துண்டு உடையாமல் பிடித்து நிற்கிறது. பட்டை, பிராந்தி. ஒரு கிளறு கிளறி மூடி முக்கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். உப்புப் போட்ட மாங்காய் நீர் விடுவதுபோல், சர்க்கரை பட்ட பழமும் நீர் விடும். மூடியைத் திறக்கும்போது அடியில் பழச்சாறு தேங்கியிருக்கும், சர்க்கரை தானாகவே கரைந்திருக்கும். நேரே குளிர்ந்த ஒயினில் சர்க்கரையைக் கொட்டிக் கிளறியவர்களுக்குத் தெரியும், அது அடியில் மணல் மாதிரி உட்கார்ந்து கடைசிக் கிளாஸில்தான் வந்து விழும்.

நாலு மணி: ஒயின்

மூன்று ஆரஞ்சின் சாற்றைப் பிழிந்து வடிகட்டி ஊற்றுங்கள். எலுமிச்சையில் பாதியை விதை விழாமல் பிழியுங்கள். விதை ஒன்று விழுந்தாலும் கசப்புதான். மீதிப் பாதியை வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும். பாட்டிலில் அடைத்த ஆரஞ்சுச் சாறு போட்டால் காய்ச்சிய வாசனை வரும், அதனால் பிழிந்துவிடுவது நல்லது.

இப்போது ஒயினை ஊற்றுங்கள். இரண்டு பாட்டிலும். மெதுவாகக் கிளறி, மூடி, ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். குறைந்தது இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் இருந்தால் இன்னும் நல்லது. ராத்திரி முழுக்க வைத்தாலும் கெட்டுப்போகாது, ஆனால் பீச் குழைந்துவிடும், சீவிய தோலையும் நாலைந்து மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். பட்டையையும் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அது தனியாளாக இருந்தாலும் குரல் பெரிது.

சோடாவை இப்போது ஊற்ற வேண்டாம். ஐஸும் வேண்டாம். புதிதாகச் செய்கிறவர்களில் பாதிப்பேர் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். ஒன்பது மணிக்கு எடுத்தால் சோடாவின் காற்று போயிருக்கும், ஐஸ் தண்ணீராகியிருக்கும், ஒயினின் நிறம் மட்டும் இருக்கும்.

எட்டரை: நாக்கு சொல்வதைக் கேட்பது

கிண்ணத்தை வெளியே எடுத்து ஒரு கரண்டி ருசி பாருங்கள். இந்த நிலையில் சங்கிரியா கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிய வேண்டும். இனிப்பும் புளிப்பும் சற்றுத் தூக்கலாக, மதுவும் உறைப்பாக. சோடாவும் ஐஸும் வந்து எல்லாவற்றையும் இறக்கிவிடும். இப்போதே சரியாக இருந்தால், கிளாஸில் சப்பென்று இருக்கும்.

சட்டென்று எதுவும் எழும்பவில்லை என்றால் மீதி எலுமிச்சையைப் பிழியுங்கள். கசப்பு தட்டினால் சர்க்கரை வேண்டும், ஆனால் பொடியாகப் போடாமல், சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துச் சூடாக்கி ஆறவைத்த பாகாக ஊற்றுங்கள். இரண்டு கரண்டி ஊற்றி, கிளறி, மறுபடி ருசி. புளிப்பு தூக்கி அடித்தால் அதற்கும் பாகுதான். இனிப்பு கூடிவிட்டால் மட்டும் சிரமம். ஒயின் சேர்க்க வேண்டியிருக்கும், அதற்காகவே மூன்றாவது பாட்டில் ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். என் வீட்டில் அது பெரும்பாலும் இரண்டாவது ஜாடிக்குத்தான் போகிறது.

நான்காவது ஆரஞ்சை வட்டமாக நறுக்கி இப்போது சேருங்கள். கண்ணுக்காக.

ஊற்றிக் கொடுப்பது

சங்கிரியா ஜாடியின் மூக்கைப் பார்த்தால் உதட்டைக் குவித்தாற்போல் உள்பக்கம் கிள்ளி வைத்திருப்பார்கள். ஊற்றும்போது ஐஸும் பழமும் பொத்தென்று கிளாஸில் விழுந்து சட்டையில் தெறிக்காமல் இருக்கத்தான் அது. ஜாடியோடு ஒரு நீளமான மரக்கரண்டியும் நிற்கும். அதால் பழத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஊற்றுவார்கள், கேட்கிறவர்களுக்குப் பழத்தை எடுத்தும் போடுவார்கள். அந்த மாதிரி ஜாடி இல்லையென்றால் அகன்ற கிண்ணமும் குழிக்கரண்டியும் போதும்.

சங்கிரியாவை ஜாடிக்கு மாற்றிய பிறகு, மேசைக்குப் போகிற நேரத்தில்தான் குளிர்ந்த சோடாவை ஊற்ற வேண்டும். இங்கே 'கசெயோசா' என்று இனிப்பு மிகக் குறைந்த ஒரு சோடா கிடைக்கும். லா கசேரா என்ற பாட்டில் எல்லா வீட்டிலும் இருக்கும். அது கிடைக்காத ஊரில் வெறும் சோடா நல்லது. எலுமிச்சை வாசனைக் குளிர்பானம் ஊற்றுவதாக இருந்தால் அதிலேயே நிறையச் சர்க்கரை இருப்பதை நினைவில் வைத்து, முன்னால் போடுகிற சர்க்கரையைப் பாதியாக்கிவிடுங்கள். பன்னீர் சோடாவைக் கையில் எடுக்க வேண்டாம். நான் எடுத்திருக்கிறேன்.

ஐஸ் ஜாடியில் வேண்டாம், கிளாஸில் போடுங்கள். பெரிய கட்டியாக, கிளாஸ் நிறைய. நிறைய ஐஸ் போட்டால் தண்ணீராகிவிடுமே என்று இரண்டே கட்டி போடுவார்கள். நடப்பது நேர்மாறு. இரண்டு கட்டியும் சீக்கிரம் கரைந்து, பானமும் குளிராமல் போகும். கிளாஸ் நிறைய இருந்தால் ஒன்றையொன்று காப்பாற்றிக்கொண்டு மெல்லக் கரையும். ஸ்பெயினில் பெட்ரோல் பங்கில்கூட இரண்டு கிலோ பை ஐஸ் விற்கும், எட்டுப் பேருக்கு நான் இரண்டு பை வாங்குவேன். வீட்டு ஃபிரிட்ஜ் தட்டை நம்பியிருக்கிறவர்கள் முதல் நாளே கொஞ்சம் பீச் துண்டுகளையும் விதையில்லாத திராட்சையையும் உறையவைத்துக்கொள்ளுங்கள். ஐஸுக்கு ஐஸ், கரைந்தாலும் தண்ணீர் சேராது. ஜாடியை ஐஸ் தண்ணீர் நிரப்பிய ஒரு பேசினில் நிற்கவைத்தால் இரவு முழுக்கக் குளிர்ச்சி நிற்கும்.

கூடத் தின்ன, உப்பாக ஏதாவது இருக்க வேண்டும். வறுத்த பாதாம், ஆலிவ், உருளைக்கிழங்கு முட்டை அடை. என் மாடியில் ஒருமுறை வெங்காயப் பக்கோடா போட்டேன். அதற்கு அப்புறம் ஆலிவைத் தேடியவர்கள் யாரும் இல்லை.

எவ்வளவு ஏறும்

இது சர்பத் மாதிரி இறங்குகிற பானம். அதுதான் அதில் இருக்கிற ஆபத்து. மேலே சொன்ன அளவில், 13.5 சதவீத ஒயினும் பிராந்தியும் சோடாவும் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 9 சதவீதம் மது வரும். ஒரு 200 மில்லி கிளாஸில் சுமார் 15 கிராம் சுத்த ஆல்கஹால். ஸ்பெயினில் மருத்துவர்கள் ஒரு அளவு மது என்று கணக்கிடுவது 10 கிராம். அப்படியானால் ஒரு கிளாஸ் ஒன்றரை அளவு. தாகத்துக்கு இதைக் குடித்தால் மூன்றாவது கிளாஸ் எப்போது போனதென்றே தெரியாது. ஒவ்வொரு கிளாஸுக்கும் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் இருக்கட்டும். தண்ணீர் ஜாடியைச் சங்கிரியா ஜாடிக்கு முன்னாலேயே மேசையில் வைத்துவிடுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பப் போகிறவருக்கு இந்த ஜாடியிலிருந்து ஊற்றாதீர்கள், "அரை கிளாஸ்தானே" என்று அவரே கேட்டாலும்.

அவருக்கும், பிள்ளைகளுக்கும், மது தொடாதவர்களுக்கும் இன்னொரு ஜாடி. ஸ்பானியக் கடைகளில் 'மோஸ்தோ' என்று புளிக்காத திராட்சைச் சாறு சிவப்பிலும் வெள்ளையிலும் கிடைக்கும். மது வேண்டாம் என்பவர்கள் மதுக்கடையில் கேட்டு வாங்கிக் குடிப்பதே அதைத்தான். ஒரு லிட்டர் சிவப்பு மோஸ்தோவுக்கு இரண்டு ஆரஞ்சுச் சாறு, ஒரு முழு எலுமிச்சை, அதே பழங்கள், அதே பட்டை. சர்க்கரை வேண்டாம், திராட்சையிலேயே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது. பிராந்திக்குப் பதிலாக, ஒரு கப் திக்கான டீத்தண்ணீரை ஆறவைத்து ஊற்றுவேன். ஒயினில் இருக்கிற துவர்ப்பு அதிலிருந்து கிடைக்கும், வெறும் ஜூஸ் என்ற உணர்வு போய்விடும். கடைசியில் கால் லிட்டர் சோடா.

இரண்டு ஜாடியும் ஒரே சிவப்பாக இருக்கும் என்பதால், உருவத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஜாடிகளாக எடுங்கள். பிள்ளைகள் ஜாடியில் புதினா செருகி வைப்பேன். முக்கியமாக, சங்கிரியாப் பழம் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. ஒருமுறை நண்பர் வீட்டுச் சிறுமி, பெரியவர்கள் குடித்து வைத்த கிளாஸ்களிலிருந்து ஆப்பிள் துண்டுகளை விரலால் எடுத்துத் தின்னத் தொடங்கியிருந்தாள். நல்லவேளை, முதல் துண்டிலேயே முகம் சுளித்துத் துப்பிவிட்டாள். பழத்திலும் ஒயினும் பிராந்தியும் ஊறியிருக்கும். காலிக் கிளாஸை மேசையில் விடாமல் உடனுக்குடன் எடுத்துவிடுவது அன்றிலிருந்து என் பழக்கம்.

மிச்சம் இருந்தால்

சோடா ஊற்றாத சங்கிரியா ஃபிரிட்ஜில் மறுநாள் வரை நன்றாக இருக்கும். பழத்தை வடித்து எடுத்துவிட்டு மூடி வையுங்கள். சோடா ஊற்றியது என்றால் அன்றோடு சரி, சாக்கடைக்குத்தான். அதனால்தான் பத்துப் பேர் வந்தாலும் நான் மொத்தக் கிண்ணத்திலும் சோடா ஊற்றுவதில்லை. ஜாடி ஜாடியாக மாற்றி, அந்தந்த ஜாடிக்கு மட்டும்.

வடித்த பழத்தில் ஆரஞ்சு வட்டங்களையும் ஆப்பிளையும் தூக்கிப் போட்டுவிடலாம். காலையில் அவற்றில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பீச்சைத் தூக்கிப் போடாதீர்கள். அரகோன் பகுதியில் பீச்சைத் தோலுரித்து, சர்க்கரையும் பட்டையும் சேர்த்துச் சிவப்பு ஒயினில் ஊறவைத்துச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுப்பது பழைய வழக்கம். நம் ஜாடியின் அடியில் கிடப்பதும் ஏறக்குறைய அதுவேதான். கிண்ணத்தில் போட்டு, மேலே கொஞ்சம் கட்டித்தயிரும் பொடித்த பாதாமும் வைத்தால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு முடிந்தது கவலை.

மேல்வீட்டு அம்மா இப்போதெல்லாம் என் சங்கிரியாவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மறுநாள் மத்தியானம் கையில் ஒரு சின்னக் கரண்டியோடு கதவைத் தட்டுகிறார்.